சைலன்சர் சத்தம்: எவ்வளவு போதும்?

மோட்டார் சைக்கிள் எவ்வளவு சத்தம் போடலாம் என்ற கேள்விக்கு இந்தியாவில் 20 ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதப்பட்டுவிட்டது. 80 சி.சி. வரையிலான வண்டிக்கு 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் 6-ஆம் அட்டவணையில் இது இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதியும் இதையே கைகாட்டுகிறது. அப்போது ஐரோப்பாவில் நடப்பில் இருந்த வரம்பும் இதே மூன்று எண்கள்தான். அமெரிக்கா 1986 முதல் சாலை வண்டிகளுக்கு 80 டெசிபல் என்று வைத்திருக்கிறது. ஆக, எண்ணைப் பற்றி உலகத்தில் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனாலும் பெங்களூரிலும் விசாகப்பட்டினத்திலும் புணேயிலும் போலீசார் சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்குகிறார்கள். பாரிஸ் தெருவில் சத்தத்தைப் படம்பிடிக்கும் கருவியைக் கம்பத்தில் மாட்டுகிறார்கள். ஒப்புக்கொண்ட எண் ஒன்று இருந்தும் தெரு ஏன் இப்படி இருக்கிறது? அந்த அட்டவணையின் தலைப்பிலேயே விடை இருக்கிறது: அவை 'உற்பத்தி நிலையில்' பொருந்தும் வரம்புகள். புது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறும் தருணத்துக்கு எழுதப்பட்டவை. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் அந்த வண்டி ஓடப்போகிறது. அந்த 15 ஆண்டுகளையும் கேட்கப்போகிற காது யாருடையது என்பதை அந்த எண் யோசிக்கவில்லை. வரம்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரின் காதிலிருந்து தொடங்கிக் கணக்கிட வேண்டும், ஒவ்வொரு தடவை கடந்துபோவதையும் தனித்தனியாக எண்ண வேண்டும், அதைச் சாலையோரத்திலேயே அளந்து பார்க்க முடிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் 80 என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான். வண்டி ஓடும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் ஒலிவாங்கியை வைக்கிறார்கள். வண்டி சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குறித்த கோட்டைத் தொட்டதும் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்குகிறது. அந்த நொடியில் பதிவாகும் உச்சமே சான்றிதழுக்கான எண். சுற்றிலும் கட்டடம் இல்லாத வெட்டவெளியில் இந்தச் சோதனை நடக்கும். இதைத் தவிர நின்ற இடத்துச் சோதனை ஒன்றும் உண்டு: சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, எஞ்சினைக் குறிப்பிட்ட சுழற்சியில் வைத்து அளப்பது. இதில் ஒரே வண்டி 90, 95 என்று காட்டும். அரை மீட்டருக்கும் 7.5 மீட்டருக்கும் தூரம் 15 மடங்கு. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால் இடையில் 23 டெசிபலுக்கு மேல் கரைந்துவிடுகிறது. எனவே "என் வண்டி 95தான், இவர்கள் 80 கேட்கிறார்கள், இது நடக்கிற காரியமா" என்று ஒருவர் கொதிப்பதும், "95 டெசிபல் வண்டியை எப்படி விட்டார்கள்" என்று இன்னொருவர் கொதிப்பதும் இரண்டு வேறு அளவுகோல்களை ஒன்றென்று எண்ணியதால் வரும் கோபம். டெசிபல் நேர்க்கோட்டில் ஏறும் அளவும் அல்ல. 3 கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பு. 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். 20 கூடினால் ஆற்றல் நூறு மடங்கு. வரம்பைவிட 20 டெசிபல் கூடுதலாகக் கத்தும் ஒரு வண்டி, சட்டத்துக்கு உட்பட்ட 100 வண்டிகள் ஒரே நேரத்தில் போவதற்குச் சமமான ஆற்றலைத் தெருவில் கொட்டுகிறது.

சோதனை ஒரே வேகத்தில், ஒரே முறையில் நடந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் வண்டியைச் செய்ய பொறியாளர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஐரோப்பாவில் பெரிய வண்டிகள் பலவற்றில் சைலன்சருக்குள் ஒரு தடுக்கிதழ் வந்தது. சோதனைக்கு உரிய சுழற்சியில் அது மூடிக்கொள்ளும். அதைத் தாண்டினால் திறந்துகொள்ளும். சட்டத்தை மீறாமலேயே சட்டத்தை ஏமாற்றும் ஏற்பாடு. ஐக்கிய நாடுகளின் 41-ஆவது ஒழுங்குவிதி திருத்தப்பட்டபோது 20 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை பல நிலைகளில் சத்தத்தைப் பார்க்கும் கூடுதல் சோதனை சேர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம். அதே திருத்தத்தில் எஞ்சின் கொள்ளளவை விட்டுவிட்டு, வண்டியின் திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தை வைத்து 73, 74, 77 என்று வரம்பைப் பிரித்தார்கள். சோதனை முறையும் மாறியதால் பழைய 80-ஐயும் புதிய 77-ஐயும் பக்கத்தில் வைத்து மூன்று குறைந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திசை தெளிவு: ஓட்டும் நிலைமை முழுவதையும் வரம்புக்குள் கொண்டுவருவது.

சத்தம் பிறக்கும் இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான்கு அடி வீச்சு எஞ்சினில் ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் நொடிக்கு 25 வெடிப்பு. ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது அழுத்தம் மிகுந்த சூடான வாயு குழாய்க்குள் பாய்கிறது. சைலன்சர் அதை இரண்டு வழிகளில் அடக்குகிறது. தடுப்புத் தகடுகளும் அறைகளும் அலையைத் திருப்பி அனுப்பி ஒன்றையொன்று அழிக்க வைக்கின்றன. கண்ணாடிப் பஞ்சு உயர் அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்கிறது. கீழ் அதிர்வெண்ணை அடக்கப் பெரிய கொள்ளளவு வேண்டும். அதனால்தான் கம்பெனி சைலன்சர் கனமாகவும் நீளமாகவும் இருக்கிறது. சந்தையில் விற்கும் குட்டையான குழாய்களில் இந்தக் கொள்ளளவும் இல்லை, அறைகளும் இல்லை. வாயில் செருகும் 'டிபி கில்லர்' என்ற சிறு குழல் ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். போலீஸ் சோதனை முடிந்ததும் கழன்றுவிடும். இதற்கிடையில் நம் அளவுகோலிலும் ஒரு குறை உண்டு. டெசிபல் கணக்கு மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடையிடப்பட்டது. அந்த எடையிடலில் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 19 டெசிபலும், 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 30 டெசிபலும் கழிக்கப்படுகின்றன. ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் 'டுபுடுபு' பெரும்பாலும் வாழ்வது அந்தக் கீழ்ப் பகுதியில்தான். சுவரும் மூடிய ஜன்னலும் உயர் அதிர்வெண்ணை நன்றாகத் தடுக்கும், கீழ் அதிர்வெண்ணை அவ்வளவாகத் தடுக்காது. கருவி சிறியதாகக் காட்டும் சத்தமே கட்டிலை எட்டுகிறது.

இப்போது அந்தக் கட்டிலுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. பார்க்க நல்ல எண். ஆனால் இது சராசரி. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி 80 டெசிபல் அளவில் ஐந்து நொடி உறுமிவிட்டுப் போகிறது, மீதி இரவு முழுக்கப் பரம அமைதி என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரச் சராசரி 42 டெசிபலைச் சற்றே தாண்டும். வரம்புக்குள் அடங்கிவிட்டது! தெருவே எழுந்து உட்கார்ந்திருக்கும், ஏட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். தூக்கம் சராசரியால் கலைவதில்லை, உச்சத்தால் கலைகிறது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைப் புரிந்துகொண்டு, சராசரியோடு தனி நிகழ்வுக்கும் ஓர் எண் கொடுத்தது: படுக்கையறைக்குள் உச்சம் 45, திறந்த ஜன்னலுக்கு வெளியே 60. பாரிஸ் வட்டாரத்தின் ஒலி கண்காணிப்பு அமைப்பான புருயிபாரிஃப், சைலன்சரை மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவில் நகரைக் குறுக்காகக் கடந்தால் 10,000 பேர் வரை விழிக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. மக்கள் நெருக்கத்தில் நம் நகரங்கள் பாரிஸுக்கு இளைத்தவை அல்ல. வெயில் காலத்தில் நம் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த 60-ஐ வைத்துப் பார்த்தால் சங்கடமான ஓர் உண்மை வெளியே வருகிறது: சட்டப்படியான வண்டியும் அமைதியான வண்டி அல்ல. நம் தெருக்களில் வீட்டு ஜன்னலுக்கும் வண்டிக்கும் இடையே பல இடங்களில் மூன்று மீட்டர் இருந்தாலே பெரிது. 7.5 மீட்டரில் 80 என்றால் மூன்று மீட்டரில் 88. இரண்டு பக்கச் சுவரும் திருப்பி அடிப்பது தனி. ஆனால் 80 என்பது முழு முறுக்கில் வரும் எண். அதே வண்டியைக் குறைந்த சுழற்சியில், சீரான வேகத்தில் ஓட்டினால் சத்தம் பல டெசிபல் இறங்கிவிடும். அதாவது கம்பெனி சைலன்சர் ஓட்டுபவருக்கு ஓர் இடைவெளியைத் தருகிறது: மெதுவாகப் போக நினைத்தால் மெதுவாகப் போக முடியும். மாற்றிய குழாய் அந்த இடைவெளியைப் பறித்துவிடுகிறது. எவ்வளவு நல்லவர் ஓட்டினாலும், அதிகாலை நாலு மணிக்குப் பால் வாங்கப் போனாலும், அது கத்தியே தீரும். மாற்றிய சைலன்சர்மீது எனக்குள்ள முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

எதிர்வாதங்களில் மிகவும் வலுவாகச் சொல்லப்படுவது பாதுகாப்பு. சத்தம் கேட்டால் கார்க்காரர் ஒதுங்குவார், உயிர் பிழைக்கும் என்கிறார்கள். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்து 1981-இல் வெளியிட்ட அறிக்கை இன்றும் இத்துறையின் அடிப்படை ஆவணம். விபத்துக்குக் காரணமான அபாயங்களில் முக்கால் பங்குக்கு மேல், ஓட்டுபவருக்கு நேர் முன்னால் இரு பக்கமும் 45 பாகைக்குள் இருந்தன என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று. சைலன்சரின் வாயோ பின்னால் பார்த்திருக்கிறது. சத்தத்தின் பெரும்பகுதி, ஏற்கெனவே கடந்துவந்த இடத்துக்கே போய்ச் சேர்கிறது. எதிரே வந்து வலப்புறம் திரும்பப் போகும் கார்க்காரர் கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யையும் பாட்டையும் போட்டிருப்பார்; அவருக்கு எட்டும் நேரத்தில் பிரேக் பிடிக்க இடமிருக்காது. சத்தம் எச்சரிக்கைக்கு எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு சுவையான சான்றும் இருக்கிறது. மின்சாரக் கார்கள் சத்தமே இல்லாமல் வருவதால் பாதசாரிகளுக்கு ஆபத்து என்று, அவற்றுக்குச் செயற்கை ஒலி வைக்கும் ஒழுங்குவிதியை ஐ.நா. அமைப்பு வகுத்தது. பாதுகாப்பை மட்டுமே கருதி, எவ்வளவு சத்தம் வேண்டும் என்று நிபுணர்கள் உட்கார்ந்து முடிவு செய்த அரிய சந்தர்ப்பம் அது. 20 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு மீட்டர் தூரத்தில், குறைந்தது 56 டெசிபல், அதிகபட்சம் 75. கம்பெனி சைலன்சர் போட்ட எந்த மோட்டார் சைக்கிளும் அந்த 56-ஐ எளிதில் எட்டிவிடும்.

அடுத்தது ரசனை. இதை நக்கலாகத் தள்ளிவிடக் கூடாது. 1955-இலிருந்து சென்னையில் உருவாகிவரும் புல்லட்டுக்கு அதன் ஒலி அடையாளம், யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் இரண்டடி வீச்சு எஞ்சினின் சத்தத்தைத் தெருமுனையிலேயே இனம் காண்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் எஞ்சின் ஒலியையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994-இல் விண்ணப்பித்து, 2000-இல் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் இந்த அடையாளம் எங்கிருந்து வருகிறது? ஹார்லியின் 45 பாகை இரட்டை சிலிண்டரில் வெடிப்புகள் 315 பாகைக்கு ஒன்று, 405 பாகைக்கு ஒன்று எனச் சீரற்று விழுகின்றன. அந்த நொண்டித் தாளமே அதன் குணம். பழைய புல்லட்டில் 70 மில்லிமீட்டர் துளைக்கு 90 மில்லிமீட்டர் அடி. நீண்ட அடியும் கனமான சுழல் சக்கரமும் கொடுத்த நிதானமே அதன் குணம். வெடிப்பின் இடைவெளியும் அதிர்வெண்ணின் அமைப்பும் சேர்ந்து உண்டாக்குவது அது. ஒலியளவைக் கூட்டினால் குணம் கூடிவிடாது. நாதஸ்வரக்காரரின் வாசிப்பை ஒலிபெருக்கியின் குமிழைத் திருகி மேம்படுத்த முடியாது. சொல்லப்போனால் சந்தையில் விற்கும் மலிவுக் குழாய்கள் வண்டிகளுக்கிடையே இருந்த வேறுபாட்டையே அழித்து, எல்லாவற்றையும் ஒரே தகர ஓசையாக்கிவிடுகின்றன. பழைய வண்டிமேல் உண்மையான பிரியம் உள்ளவர்கள் முதலில் எதிர்க்க வேண்டியது இதைத்தான். 'பவர் கூடும்' என்ற வாதத்துக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. எடை குறைவது உண்மை. மற்றபடி எரிபொருள் கணக்கையும் மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால் சிறிய ஒற்றை சிலிண்டரில் கிடைக்கும் லாபம் சொற்பம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் சேர்த்துக் கழற்றி எறிபவர்கள் சத்தத்தோடு புகையையும் ஊருக்குத் தருகிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றும் எதிர்வாதம் வேறு: பஸ்ஸின் ஏர் ஹாரன், கூம்பு ஒலிபெருக்கி, வெடி, ஜெனரேட்டர் எல்லாம் இருக்க, பைக் பையன்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? பாரபட்சம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் பலவற்றுக்குச் சட்டத்தில் ஒரு கடிகாரமாவது கட்டப்பட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் அளித்த ஒலி மாசுத் தீர்ப்பு இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியையும் வெடியையும் கட்டுப்படுத்தியது. 2010-இல் ஒலி மாசு விதிகளில் செய்த திருத்தம், அவசரம் தவிர, குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிப்பதையே தடுக்கிறது. சைலன்சருக்கு அப்படி நேரக் கணக்கு எதுவும் இல்லை. விந்தையாக, இரவில் ஹாரனை ஒருமுறை அழுத்துவது விதிமீறல். அதைவிடச் சத்தமான குழாயோடு தெரு முழுக்கப் போய்வருவது, கருவி வைத்து அளந்தாலொழிய, வெறும் பயணம். பாரபட்சத்தின் இன்னொரு முகம் வர்க்கம். அளவுக் கருவி இல்லாமல் காதால் கேட்டு வண்டியை நிறுத்தும்போது, நிறுத்தப்படுவது பெரும்பாலும் பழைய வண்டியும் இளைஞனும்தான். பத்து லட்ச ரூபாய் வண்டியின் உறுமலுக்கு ஓரமாக நின்று செல்பி எடுக்கிறார்கள். இதற்குத் தீர்வு நடவடிக்கையைக் கைவிடுவது அல்ல, எல்லோரிடமும் ஒரே கருவியைப் பிடிப்பது.

எந்த எண்ணைப் பிடிப்பது என்பதில் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் ஓர் எச்சரிக்கை. அங்கே ராய்ட்டே மாவட்டத்தின் மலைச் சாலைகளில் 2020 கோடையிலிருந்து, பதிவுச் சான்றில் நின்ற நிலை ஒலி 95 டெசிபலுக்கு மேல் எழுதப்பட்ட வண்டிகளுக்குத் தடை. மீறினால் 220 யூரோ அபராதம். நிர்வாகத்துக்கு எளிது, காகிதத்தைப் பார்த்தால் போதும். ஆனால் சட்டப்படி வாங்கி, ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாத வண்டி தடுக்கப்படுகிறது. காகிதத்தில் 90 எழுதியிருக்க, சைலன்சரை வெட்டித் திறந்த வண்டி போய்விடலாம். காகிதத்தில் உள்ள எண் தனியாக நின்றால் இதுதான் நடக்கும். அதே எண்ணைச் சாலையோரக் கருவியோடு சேர்த்து வைத்தால் அது நல்ல ஆயுதம். இந்தியாவில் இதற்குப் பாதி வேலை முடிந்தே இருக்கிறது: 2017 ஏப்ரல் முதல் உற்பத்தியாளர் தரும் படிவம் 22-இல் வண்டியின் ஒலி அளவும் குறிக்கப்பட வேண்டும். அங்கே இருக்கும் கடந்துபோகும் ஒலியின் எண்ணை எந்தச் சந்திப்பிலும் சோதிக்க முடியாது. அதற்குச் சோதனைத் தடம் வேண்டும். நின்ற நிலை எண்ணையும் அதற்குரிய சுழற்சியையும் வண்டியின் தகட்டிலேயே பொறித்துவிட்டால், ஒரு ஒலிமானியும் அரை மீட்டர் நூலும் போதும். பஞ்சு எரிந்து, தகடு துருப்பிடித்துக் கொஞ்சம் கூடுவதற்கு 5 டெசிபல் சலுகை தரலாம். அதைத் தாண்டினால், அந்த வண்டி பிறந்தபோது இருந்த வண்டி அல்ல. ஏழைக்கும் பணக்காரனுக்கும், புல்லட்டுக்கும் சூப்பர் பைக்குக்கும் அவரவர் வண்டியின் சொந்த எண்ணே சாட்சி என்பதால் இது நியாயமும்கூட.

தண்டனைக்குச் சட்டத்தில் பஞ்சமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு ஒலித் தரத்தை மீறி ஓட்டுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியின்றி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்ற 52-ஆவது பிரிவை உறுதியாக வலியுறுத்தியது. 194எஃப் பிரிவோ, சைலன்சரைத் தவிர்த்து வாயுவை வெளியே விடும் 'கட்-அவுட்' அமைப்புக்கு முதல் முறை வெறும் 1,000 ரூபாய் என்கிறது. ஒரே தவறுக்கு இத்தனை விலை என்றால் பேரம் நடக்கத்தான் செய்யும். இவை எல்லாமே முதன்மையாகச் சாலையில் போகிறவரைக் குறிவைக்கின்றன. குழாயை விற்றவர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ இணையக் கடையிலோ 'பந்தயத்துக்கு மட்டும்' என்ற சீட்டின் பின்னால் நிம்மதியாக இருக்கிறார். நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய பந்தயத் தடங்களுக்கு இத்தனை குழாய்கள் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பன்னாட்டுப் பந்தயங்களிலேயே ஒலி வரம்பு உண்டு என்பது அந்தச் சீட்டை எழுதியவருக்குத் தெரியாமலும் இருக்காது. கலிஃபோர்னியா 2010-இல் இயற்றிய சட்டம், 2013 முதல் உருவாகும் வண்டிகளின் எக்ஸாஸ்டில், மாற்றுக் குழாய் உட்பட, கூட்டாட்சி ஒலிச் சான்று முத்திரை இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முத்திரை இல்லாத குழாயை வாங்கினால் பொருத்த முடியாது. இங்கும் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்க முடிந்திருக்கிறது. சைலன்சருக்கு ஒலி முத்திரை கேட்பது அதைவிடக் கடினமான காரியம் அல்ல.

ஆக, எவ்வளவு? கடந்துபோகும் சோதனையில் இப்போதுள்ள 80 இன்றைக்குத் தாங்கிக்கொள்ளத் தக்கது. ஐரோப்பாவின் புதிய சோதனை முறையோடு 77-ஐ நோக்கிப் போவது நல்லது, உற்பத்தியாளர்கள் அந்தச் சந்தைக்கு ஏற்கெனவே அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். சாலையில், தகட்டில் பொறித்த நின்ற நிலை எண்ணும் அதற்கு மேல் 5-உம். இரவு 10 முதல் 6 வரை குடியிருப்புத் தெருக்களில், பாரிஸ் செய்வதுபோல, கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியின் உச்சத்தையும் தனியே பதிவு செய்யும் கருவி. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உருவாகும் மின்சார ஸ்கூட்டர்கள் இந்தக் கேள்வியையே ஒருநாள் பழையதாக்கிவிடும் என்று காத்திருக்கலாம்தான். ஆனால் 1970-களில் செய்த புல்லட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு விற்கும் பெட்ரோல் வண்டியும் அவ்வளவு சீக்கிரம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடாது.